படத்தில் அரக்கு, கையில் குங்குமம்: ஒரு சேலைக் கடையின் நிறத்திருத்த அனுபவம்

## பின்னணி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு சேலைக் கடை. கீழே நாளாந்தம் உடுக்கும் சேலைகள், மேல்மாடியில் பட்டு. முதலாளிக்கு அறுபது கடந்துவிட்டது. தொட்டுப் பார்த்தே நூலைச் சொல்லக்கூடியவர். 2022 இல் ரூபா சரிந்த பிறகு உள்ளூர் வியாபாரம் படுத்துவிட, கடையைத் தாங்கிப் பிடித்தவை வெளிநாட்டு ஓடர்கள்தான். ரொறன்ரோ, இலண்டன், சிட்னி என்று இருக்கும் சொந்தக்காரருக்கும் அவர்களுடைய சொந்தக்காரருக்கும் படம் போகும். அவர்கள் ஒன்றைச் சொல்வார்கள். இங்கே பொதி கட்டுவார்கள்.

படம் எடுக்கும் வேலை கடையில் கணக்கு எழுதும் பெண்ணிடம் வந்தது. வயது 23. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடமாகச் செய்தவள் என்பதால், ‘கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை’ என்ற ஒரே தகுதியில் அது அவள் தலையில் விழுந்தது. கையில் இருந்தவை பாவித்த டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றும் 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய லப்டொப் ஒன்றும். விலைக்கு வரும் படமென்பொருளுக்கு மாதாமாதம் டொலரில் சந்தா கட்டவேண்டும். முதலாளி அந்தக் கதையை முதல் வசனத்திலேயே நிறுத்திவிட்டார். ஆகவே இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள், கிம்ப்.

நான் முன்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கலர் லாபில் படம் அச்சிட்டவன். இப்போது வீட்டிலிருந்து படத் திருத்தம் செய்கிறேன். அந்தப் பெண் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறாள், அண்ணா என்று கூப்பிடுவாள். கடை பூட்டிய பிறகு வாரத்தில் இரண்டு இரவு சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அவளும் முதலாளியும் சம்மதித்தே இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

## முதல் நான்கு வாரம்

2025 மே மாதம் ஆரம்பித்தோம். அந்த மார்ச்சில்தான் கிம்ப் 3.0 வெளிவந்திருந்தது. பழைய பதிப்புகளில் ஒரு திருத்தத்தைப் போட்டால் அது படத்தோடு கலந்துவிடும். பிறகு பின்னோக்கிப் போய் அழித்துத்தான் ஆகவேண்டும். 3.0 இல் பெரும்பாலான திருத்தங்கள் லேயரின், அதாவது பட அடுக்கின், மேல் தனியே நிற்கும். நாளைக்குத் திறந்து எண்ணை மாற்றலாம், வேண்டாம் என்றால் நீக்கலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய தைரியம்.

வெட்டுவது, சாய்வை நிமிர்த்துவது, வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸ், கர்வ்ஸ், கலர் பாலன்ஸ், பின்னணியை மறைப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரி. மூன்றாம் வாரத்தில் ஓர் இரவில் பத்துப் பன்னிரண்டு சேலைகளை முடித்தாள். “அண்ணா, மஞ்சளடிக்குது, நீலம் கொஞ்சம் கூட்டட்டா?” என்பாள். நானும் எட்டிப் பார்த்து, ஓம், கூட்டு என்பேன்.

அந்த ‘ஓம்’தான் இந்த நிகழ்வின் முதல் பிழை. அவளுடைய திரையில், இரவில், கண்ணை மட்டும் நம்பிச் சொன்னது அது. லாபில் இருந்த காலத்தில் இப்படி ஒரு படத்தை அச்சுக்கு விட்டிருந்தால் பெரியவர் என்னை வெளியே அனுப்பியிருப்பார்.

இன்னொன்றையும் கவனிக்காமல் விட்டேன். கிம்பில் ‘சேவ்’ கொடுத்தால் அது தன் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’. ஆனால் திறந்த ஜேபெக்கின் மேலேயே எழுதிவிட ‘ஓவர்ரைட்’ என்று ஒரு வழி அதே மெனுவில் இருக்கிறது. அவளுக்கு அது சுருக்குவழியாகப் பட்டது. மூலப் படங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. கமரா அட்டையையும் அவ்வப்போது துடைத்துவிட்டாள்.

## திரும்பி வந்த கூறை

ஜூன் முடிவில் ரொறன்ரோவுக்கு ஒரு கூறைச் சேலை போயிற்று. ஆவணியில் கலியாணம். பொதியைப் பிரித்ததும் மணப்பெண்ணின் சித்தி அன்றே முதலாளிக்கு எடுத்தார். “படத்தில அரக்கு, கையில குங்குமம். பிள்ளை அரக்கு என்றுதான் பிளவுஸ் வேலைக்கும் குடுத்திட்டாள்” என்றார். குரலை உயர்த்தவில்லை. முதலாளிக்கு அதுதான் இன்னும் சுட்டது.

இதற்கு முன்பும் இரண்டு பேர் நிறம் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அவற்றை ‘அவையின்ரை போன் ஸ்கிரீன் பிழை’ என்று கடையில் தள்ளிவிட்டிருந்தார்கள். கூறையை அப்படித் தள்ள முடியாது. போக்கும் வரவும் தபால் செலவு கடைக்கு. பழையபடி போனிலேயே எடுங்கள், இந்த மென்பொருள் விளையாட்டு வேண்டாம் என்றார் முதலாளி. கணக்கு எழுதும் பெண் ஒன்றும் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள் என்று பிறகு அவள் அம்மா சொன்னார்.

நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். பிழை மென்பொருளிலா, கையிலா, வேறெங்காவதா என்று பார்க்காமல் விட்டால் போன் படமும் ஒருநாள் இதே வேலையைச் செய்யும். சரி, ஒரு வாரம், அதற்குள் புதுப் படம் ஒன்றும் வெளியே போகக்கூடாது என்றார்.

## தேடியதில் கிடைத்தவை

முதலில் அவள் திருத்திய படங்களில் இருபதை என் வீட்டுத் திரையில் பரப்பினேன். இதை நான்கு வாரம் முன்பே செய்திருக்க வேண்டும். பதினாறு படம் நீலம் பாய்ந்திருந்தது. நான்கு மட்டும் ஒழுங்காக இருந்தன. கோப்புகளின் நேரத்தைப் பார்த்தேன். அந்த நான்கும் பொசன் போயா விடுமுறையில், பகலில், அவள் வீட்டில் இருந்து செய்தவை. மற்றதெல்லாம் இரவு எட்டுக்குப் பிறகு.

விலைச்சீட்டு வெள்ளை அட்டை. அது தெரியும் படங்களில் சுட்டியை அதன்மேல் வைத்து, கிம்பின் ‘பாயின்டர்’ பெட்டி ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை காட்டும் எண்களைப் படித்தேன். பகலில் திருத்திய படத்தில் சிவப்பு 223, பச்சை 221, நீலம் 216. இரவில் திருத்தியதில் சிவப்பு 201, பச்சை 212, நீலம் 236. வெள்ளை அட்டைக்கு மூன்று எண்ணும் கிட்டத்தட்டச் சமமாக வரவேண்டும். முப்பத்தைந்து எண் வித்தியாசத்தில் நீலம் மேலே நிற்கிறது.

லப்டொப்பைத் திறந்து பார்த்தால், இரவு ஒளி. கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் சூரியன் மறைந்ததும் தானாக வரும்படி போட்டுவைத்தது, பிறகு மறந்தே போயிற்று. கொழும்பில் வருடம் முழுக்க ஆறு, ஆறரை மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். கடை பூட்டுவது எட்டுக்கு. ஆக அவள் கடையில் திருத்திய ஒவ்வொரு படமும் மஞ்சள் திரையில் திருத்தப்பட்டது. திரையின் மஞ்சளைப் படத்தின் மஞ்சள் என்று எண்ணி நீலம் ஊற்றியிருக்கிறாள். பக்கத்தில் இருந்த என் கண்ணும் பத்து நிமிடத்தில் அந்த மஞ்சளுக்குப் பழகிவிட்டது. குங்குமத்தில் நீலம் சேர்ந்தால் அது அரக்குப் பக்கம்தான் சாயும்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் கூறையின் படம் வெறும் நீலம் பாய்ந்ததாக இல்லை, இருண்டும் இருந்தது. கமராவில் மிஞ்சியிருந்த கோப்புகளின் பெயர்கள் கீழ்க்கோட்டில் (_) தொடங்கின. பல கமராக்களில் நிறவெளியை, அதாவது எந்த எண் எந்த நிறம் என்ற அளவுகோலை, அடோபி ஆர்ஜிபி என்று வைத்தால் பெயரின் முன்னால் அந்தக் கீழ்க்கோடு வரும். கமராவை விற்றவர் அப்படி வைத்திருந்திருக்கிறார். அச்சு வேலைக்கு அது நல்லது. போனுக்கும் இணையத்துக்கும் எஸ்ஆர்ஜிபி என்ற இன்னொரு நிறவெளிதான் பொதுவழக்கு.

அதனால் என்ன கெட்டுப்போகும் என்பதைச் சிவப்பை வைத்தே காட்டலாம். எஸ்ஆர்ஜிபியில் 255 என்று எழுதப்படும் முழுச் சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் ஏறக்குறைய 219. கோப்போடு ‘இது அடோபி ஆர்ஜிபி’ என்ற குறிப்பு, அதாவது நிற புரொஃபைல், இருக்கும்வரை பார்க்கிற கருவி அதைச் சரியாக மொழிபெயர்க்கும். குறிப்புத் தொலைந்தால் 219 ஐ 219 ஆகவே காட்டும், சிவப்பு இருளும். படத்தைத் திறக்கும்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றவா, இப்படியே வைக்கவா என்று கிம்ப் கேட்கும். அவள் ‘இப்படியே’ என்று கொடுத்து, இனிக் கேட்காதே என்பதிலும் சரி போட்டிருந்தாள். எக்ஸ்போர்ட் செய்யும்போது கோப்புச் சிறிதாகட்டும் என்று புரொஃபைலைச் சேமிக்கும் பெட்டியில் இருந்த சரியை எடுத்திருந்தாள். யாரோ வீடியோவில் சொன்ன குறிப்பாம். கேள்வி ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்ன பதில் நியாயமானதுதான். நான் அந்தக் கேள்விகளை விளக்கவே இல்லை.

மூன்றாவது, வெளிச்சம். மேல்மாடியில் பழைய டியூப் லைட்டும் புது எல்இடி டியூப்பும் கலந்திருந்தன. சரிகை மின்ன வேண்டும் என்று முதலாளி போட்ட மஞ்சள் ஸ்பொட் லைட் வேறு. பழைய டியூப் பச்சையடிக்கும், ஸ்பொட் மஞ்சளடிக்கும். ஒரே சேலையில் முந்தானை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். முழுப் படத்துக்கும் ஒரேயடியாகப் போடும் எந்தத் திருத்தமும் இதைச் சரிசெய்யாது. ஒரு பக்கத்தை நிமிர்த்தினால் மறுபக்கம் சாயும். சில படங்களில் மெல்லிய குறுக்குப் பட்டைகளும் இருந்தன. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் நொடிக்கு 100 தடவை மினுங்கும், அவள் நொடியில் 250 இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் எடுத்திருந்தாள். அதை 50 இல் ஒரு பங்குக்கு இறக்கியதும் பட்டை போய்விட்டது.

கடைசியாக, அவள் சில படங்களில் பாவித்த ‘ஆட்டோ’ திருத்தம். கலர்ஸ் மெனுவில் ஆட்டோவுக்குள் இருக்கும் வைட் பாலன்ஸ் (நிறச் சாய்வைத் தானாகச் சரிசெய்வது), சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் இரு முனைகளிலும் மிகக் குறைவான புள்ளிகளில், அதாவது 0.05% அளவில், வரும் மதிப்புகளை ஒதுக்கிவிட்டு மீதியை முழு நீளத்துக்கும் இழுத்துவிடும். வெள்ளையும் கறுப்பும் உள்ள ஒரு தெருப் படத்துக்கு இது பரவாயில்லை. படம் முழுக்கச் சிவப்புப் பட்டாக இருந்தால்? இருக்கிற கொஞ்ச நீலத்தையும் பச்சையையும் பிடித்து இழுக்கும். படத்தில் பிரகாசமான இடம் சரிகை. அதுதான் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று மென்பொருள் எண்ணிக்கொள்ளும். ஐந்து படங்களில் தங்கச் சரிகை வெள்ளிச் சரிகை ஆகியிருந்தது. அந்த ஐந்தையும் வாடிக்கையாளர் யாரும் கேட்காதது அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் நான் முதலாளிக்கு லப்டொப்பில் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, கடைக்கு வாற பொம்பிளையள் சேலையை எங்க கொண்டுபோய்ப் பாக்கினம்?” என்றார். வாசலுக்கு. கடையின் எந்த லைட்டையும் நம்பாமல், மடிப்பை அள்ளிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய் விரித்துப் பார்ப்பார்கள். அந்த வாசலடி நிறம் படத்தில் வந்தால் போதும் என்றார். நான்கு வாரத்தில் எங்கள் இருவருக்கும் தோன்றாத இலக்கு அது. அதன் பிறகு எதைத் திருத்துவது, எவ்வளவு திருத்துவது என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தது.

## எடுத்த முடிவுகள்

கூறைதான் முதல் அவசரம். மாற்றுச் சேலையின் படம் அனுப்ப யாருக்கும் துணிவில்லை. சித்தியை வீடியோவில் அழைத்து, திரும்பி அனுப்ப வைத்திருந்த குங்குமச் சேலையை அங்கே கையில் வைத்திருக்கச் சொன்னோம். அதே சாயத்தில் வந்த பிளவுஸ் துணித் துண்டு ஒன்று கடையில் இருந்தது. வாசலில் அதைப் பிடித்து, பக்கத்தில் மூன்று அரக்குச் சேலைகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினாள் அந்தப் பெண். உங்கள் கையில் இருக்கிறதை விட இது எவ்வளவு இருட்டு, எவ்வளவு நீலம் என்று ஒப்பிட்டுச் சொன்னார்கள். திரை பொய் சொன்னாலும் இரண்டு துணிக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். வித்தியாசம் ஓரளவு மிஞ்சும். இரண்டாவது சேலையைத் தெரிந்தார்கள். ஆவணிக்கு முன் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் முறையை மாற்றினோம்.

வெளிச்சத்தில் தொடங்கினோம். வடக்குப் பார்த்த ஜன்னலில் எடுங்கள், நேர்வெயில் வராது என்று கமராப் பாடங்கள் சொல்லும். மேல்மாடியில் அப்படி ஒரு ஜன்னல் இருந்தது, அங்கே துணியைக் கட்டிப் பார்த்தோம். காலையிலேயே வெயில் கீற்று விழுந்தது! யோசித்தால் இதில் அதிசயமில்லை. கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். காலையும் மாலையும் இன்னும் வடக்கே சாய்ந்து நிற்கும். ஐரோப்பியருக்கு எழுதிய விதி இங்கே அந்த மாதங்களில் தலைகீழ். போதாததற்குத் தென்மேல் பருவக்காற்று மேகம் வேறு. பத்து நிமிடத்துக்கு ஒரு வெளிச்சம்.

ஆகவே ஜன்னலை மூடி, டியூப்பும் ஸ்பொட்டும் அணைத்து, ஒரே வகையான இரண்டு எல்இடி விளக்குகளை வைத்தோம். ஒளியின் நிறம் 5000 கெல்வின், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ 95 என்று பெட்டியில் போட்டிருந்தவை. ஆனால் சிஆர்ஐ என்ற அந்தச் சராசரி எட்டு மென்நிறங்களை வைத்துக் கணிக்கப்படுவது. ஆர்9 எனப்படும் ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது. கூறை விற்கும் கடைக்கு அந்த ஆர்9 தான் முக்கியம், அதனால் அந்த எண்ணையும் தனியே போட்டிருந்த விளக்கைத் தேடி வாங்கினோம். விலை கூடத்தான்.

ஸ்பொட்டை அணைத்ததில் முதலாளிக்குச் சம்மதமில்லை. சரிகை செத்துப்போய்த் தெரிகிறது என்றார், அதுவும் உண்மைதான். ஆகவே ஒவ்வொரு சேலைக்கும் இரண்டு படம். ஒன்று நிறத்துக்கு. மற்றது ஸ்பொட் போட்டு, சரிகையின் மினுக்கத்துக்கு. அதன் கீழே ‘நிறத்துக்கு முதற் படத்தைப் பார்க்கவும்’ என்று எழுதுவது.

அடுத்தது சாட்சி வைப்பது. ஒவ்வொரு வரிசைக்கும் முதல் படத்தில், எந்த நிறமும் சாயாத, நடுநிலையான 18% சாம்பல் அட்டை ஒன்றைச் சேலையின் மேல் வைத்து எடுப்பது. அட்டை கிடைக்கும்வரை ஏ4 தாளைப் பாவித்தோம். அந்த மூன்று நாள் படங்களும் வாசலோடு ஒப்பிட்டால் லேசாக மஞ்சளடித்தன. தாள் பளிச்சென்று தெரிய அதில் ஒளிரூட்டிச் சாயம் சேர்க்கிறார்கள். பகல் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். அப்போது நாங்கள் ஜன்னலில் எடுத்துக்கொண்டிருந்தோம். நீலம் கலந்த தாளை நடுநிலை என்று மென்பொருளுக்குச் சொன்னால், அந்த நீலத்தைக் கழிக்க எல்லாவற்றையும் மஞ்சளாக்கும்.

கமராவை, அது பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்புக்கு மாற்றினோம். ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படி வைத்திருக்கும். இந்தக் கமராவின் ரோ 14 பிட், 16,384 படி. இழுக்கவும் தள்ளவும் இடம் அதிகம். ரோவை கிம்ப் தானாகத் திறக்காது, டார்க்டேபிள் அல்லது ரோதெரபி போன்ற ரோ மென்பொருள்களிடம் கொடுத்து வாங்கும். டார்க்டேபிளை எடுத்தோம். இரண்டு காரணம். அது மூலக் கோப்பைத் தொடாது. திருத்தங்களைப் பக்கத்தில் ஒரு சிறு எக்ஸ்எம்பி கோப்பில் எழுதிவைக்கும், ஆகவே ‘ஓவர்ரைட்’ விபத்துக்கு இடமில்லை. அடுத்தது, அட்டை உள்ள படத்தில் கலர் கலிப்ரேஷன் பகுதியில் சாம்பலைத் தெரிந்து நிறத்தைச் சமன் செய்து, அந்தத் திருத்தத்தைக் கொப்பி பண்ணி, அதே வெளிச்சத்தில் எடுத்த முப்பது படங்களிலும் ஒட்டிவிடலாம். ஒவ்வொரு சேலைக்கும் தனியாக யோசிக்கும் வேலை போயிற்று. கிம்ப் பின்னணி சுத்தம் செய்வதற்கும் எழுத்துப் போடுவதற்கும் மட்டும் மிஞ்சியது.

8 ஜிபி லப்டொப்பில் டார்க்டேபிள் ஊரும். எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போகலாம், குடித்து முடித்தும் வரலாம்.

திரைக்கு, ஒரு நண்பரிடம் திரையின் நிறத்தை அளக்கும் நிறமானி கடன் வாங்கி, டிஸ்ப்ளேகால் என்ற மென்பொருள் கொண்டு அளந்தோம். வைத்த இலக்கு 6500 கெல்வின், காமா (இருளிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் படிகளின் அளவு) 2.2, பிரகாசம் சதுர மீற்றருக்கு 120 கண்டெலா. இரவு ஒளியை நிரந்தரமாக அணைத்தோம். அளந்தபோது தெரிந்தது, அந்தத் திரை எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டுகிறது. எவ்வளவு அளந்தாலும் ஆழ்ந்த சிவப்பும் ராணி நிறமும் அதில் வராது. ஆகவே ஒரு விதி வைத்தோம்: நடுநிலையை எண்ணால் பார்ப்பது, சேலை நிறத்தை வாசலில் வைத்துச் சேலையோடும் இன்னொரு போனோடும் பார்ப்பது, லப்டொப் திரையைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் இருப்பது. எக்ஸ்போர்ட் எப்போதும் எஸ்ஆர்ஜிபி, புரொஃபைலோடு.

## இரண்டு முரண்டு பிடித்த சேலைகள்

ராணி நிறப் பட்டு ஒன்று. நடுநிலை சரி, வெளிச்சம் சரி, ஆனால் படத்தில் துணி பிளாஸ்டிக் பூசியது போல் தட்டையாக இருந்தது. நெசவு தெரியவில்லை. எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளி என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை மொத்தமாகப் பார்த்தால் ஒழுங்கு. நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் சிவப்பு முழுவதும் வலது சுவரில் முட்டி நின்றது. சிவப்பு 255 இல் நிரம்பி வழிந்தால் மேடும் பள்ளமும் ஒரே எண். நூலுக்கும் நூலுக்கும் நடுவில் உள்ள நிழல் அழிந்துவிடும். திருத்தி மீட்க முடியாது. ஒரு ஸ்டொப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, மறுபடி எடுத்ததும் நெசவு திரும்பிவந்தது. அன்றிலிருந்து சிவப்பு, ராணி, வாடாமல்லி நிறங்களுக்கு எடுக்கும்போதே ஒரு ஸ்டொப் குறைவு.

மற்றது மயில்கழுத்து. அட்டை வைத்து, எண் பார்த்து, எல்லாம் செய்த பிறகும் அவள் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். ஒரு படத்தில் நீலம், அடுத்ததில் பச்சை. நானும் கர்வ்ஸில் கை வைத்துப் பார்த்தேன். முதலாளி வந்து துணியை விரலில் சுருட்டி நூலைப் பிரித்துக் காட்டினார். பாவு நீலம், ஊடை பச்சை. பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒரு நூல் எழும்பும், மற்றது அடங்கும். அந்தச் சேலைக்கு ஒரு நிறம் கிடையாது, ஆகவே சரியான ஒற்றைப் படமும் கிடையாது. இரண்டு கோணத்தில் இரண்டு படம், கூட ஒரு மடிப்பை அசைத்து எடுத்த பத்து நொடி வீடியோ என்று முடிவு செய்தோம். அந்த இரண்டு நாளும் மென்பொருளில் தேடியது வீண்.

## பிறகு நடந்தது

ஜூலை நடுவில் மறுபடி படங்கள் போகத் தொடங்கின. ஒக்டோபர் முடிவுவரை கடைப் புத்தகத்தில் 29 வெளிநாட்டுப் பொதிகள். நிறம் பற்றி இரண்டு முறைப்பாடு. ஒன்றில் வாடிக்கையாளரின் போன் நிறங்களைக் கூட்டிக்காட்டும் முறையில் இருந்தது. அதை இயல்பு முறைக்கு மாற்றிப் பார்த்ததும் அவரே ஒப்புக்கொண்டார். மற்றது எங்கள் பிழை. விளக்கு ஒன்று பழுதாகி, அவசரத்துக்கு வேறொரு விளக்கை மாட்டினார்கள். அட்டைப் படம் எடுக்காமல் முந்திய நாள் திருத்தத்தையே ஒட்டிவிட்டாள். பாசிப்பச்சை சாம்பல் பச்சையாய்ப் போயிற்று. பொதி திரும்பவில்லை, விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள்.

இந்த எண்ணிக்கையைப் பெரிய வெற்றியாகச் சொல்ல மாட்டேன். முன்பு முறைப்பாடுகளை யாரும் எழுதிவைக்கவில்லை, ஒப்பிட வழியில்லை. கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் நேரத்தில்தான். ஒரு சேலைக்குப் பத்து நிமிடம் என்றிருந்த திருத்தம் இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. மிஞ்சிய நேரம் மடிப்பை நீவவும் அட்டையை வைக்கவும் போகிறது. அவள் இப்போது எட்டு மணிக்கே வீட்டுக்குப் போகிறாள், திருத்தம் பகலில்.

## மறுபடி செய்தால்

பாடத்தின் வரிசையை மாற்றுவேன். லெவல்ஸுக்கும் கர்வ்ஸுக்கும் முன்னால், பாயின்டர் பெட்டியைத் திறந்து எண் படிக்கச் சொல்லிக்கொடுப்பேன். ஒரு வெள்ளைச் சுவரை ஐந்து வெளிச்சத்தில் எடுத்து, மூன்று எண்ணும் எப்படி ஓடுகின்றன என்று ஒரு மாலை முழுக்கப் பார்க்கலாம். லாபில் எனக்கு அப்படித்தான் பழக்கினார்கள். மென்பொருள் என்றதும் அதை நான் விட்டுவிட்டேன்.

முதல் நாளே திரையின் அமைப்புகளைத் திறந்து பார்ப்பேன். மாணவரின் வேலையை அவருடைய திரையில் மட்டும் பார்ப்பதை நிறுத்துவேன்.

மென்பொருள் கேட்கும் கேள்விகளில் ‘இனிக் கேட்காதே’ என்பதைத் தொட விடமாட்டேன்.

முதலாளியை நாலாம் வாரத்துக்குப் பிறகல்ல, முதல் வாரத்திலேயே உட்கார வைத்திருப்பேன். துணி தெரிந்தவர் ஒருவரும் திரை தெரிந்தவர் ஒருவரும் ஒரே மேசையில் இருந்திருந்தால் மயில்கழுத்தில் போன இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும்.

சரிசெய்ய முடியாமல் நிற்பது பழைய படங்கள். ‘ஓவர்ரைட்’ ஆனவற்றில் 60 க்கு மேல் மூலம் இல்லை. அந்தச் சேலைகளும் விற்றுவிட்டதால் மறுபடி எடுக்கவும் முடியாது. கடையின் இணையப் பக்கத்திலிருந்து அவற்றை நீக்கிவிட்டோம், ஆனால் அதற்குள் அவை உறவுக் குழுக்கள் வழியே பரவிவிட்டன. கூறையின் அந்த நீலம் பாய்ந்த படத்தை இன்றைக்கும் மாதத்துக்கு ஒருவராவது கடைக்கு அனுப்பி, “இதே கலர் இருக்கா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கலரில் கடையில் சேலை இருந்ததே இல்லை.